ரெண்டு தட்டு

என் அப்பா ஜெபமணி வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் முடிவில் "ஓவர்" என்பார். ரசம் ஊற்றச் சொன்னாலும் ஓவர், கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்டாலும் ஓவர். அம்மா பதில் சொல்லாவிட்டால் கோபப்பட மாட்டார். எதிர்முனையில் சிக்னல் இல்லை என்று முடிவு செய்து பேப்பரை எடுத்துக்கொள்வார்.

காரணம் சிபி ரேடியோ. ஒரு காலத்தில் லாரிக்காரர்களும் பொழுதுபோக்குக்காரர்களும் வைத்திருந்த பேச்சு ரேடியோ அது. மேசைமேல் ஒரு பெட்டி, சுருள் ஒயரில் தொங்கும் மைக், மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா. மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிராளி தொண்டை கிழியக் கத்தினாலும் உங்கள் காதில் விழாது. எங்கள் சபைப் போதகருக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தால் நல்லது, யாராவது போய்ப் பிடுங்கிவிடலாம் என்று அப்பா சொல்வார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்துவிட்டுப் புனேவுக்கு வந்து, ஆகுர்டியில் ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலையின் ஒயரிங் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி கழித்துப்போட்ட செட்டை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அப்போது புனேயில் பதினான்காம் சேனலில் ஒரு கூட்டமே இருந்தது. கல்குவாரி முதலாளி ஒருவர், ஒரு டாக்டர், மெக்கானிக்குகள், கல்லூரிப் பையன்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு கண்டிப்பு: சேனலில் நிஜப்பெயர் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். அப்பா முதன்முதலாக மைக்கைப் பிடித்த அன்று காலையில் இரண்டு பிளேட் மிசல் சாப்பிட்டிருந்தார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதும் வாயில் அதுதான் வந்தது. காரக் குழம்பில் மிதக்கும் முளைப்பயறின் பெயரைச் சுமந்துகொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். டபுள் மிசல்.

அந்தக் காலத்து டிவிகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவர் பட்டனை அழுத்தினால் கீழ்வீட்டு தேஷ்பாண்டேயின் டிவியில் படம் கோடுகோடாகும். கதாநாயகன் வாயைத் திறந்தால் அப்பாவின் குரல் வரும். அப்பா அந்த நேரத்தில் பெரும்பாலும் தேஷ்பாண்டேயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவது, அவர் இருமும் விதம். தமிழில் பேசியதால் தப்பித்தார். ஆனாலும் தன் பெயர் மட்டும் அடிக்கடி வருகிறதே என்று தேஷ்பாண்டே ஒரு நாள் மாடியேறி வந்து கேட்டுவிட்டார். உங்களைப் புகழ்ந்துதான் பேசினேன் என்று அப்பா இந்தியில் சமாளித்து, அவர் டிவிக்கு ஒரு ஃபில்டர் செய்து மாட்டிக் கொடுத்தார். தொல்லை நின்றது. டிவியில் தன் பெயர் வருவது நின்றுபோனதில் தேஷ்பாண்டேவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தமிழில் பேசியது அட்மிரலோடு.

ஒரு நாள் அப்பா பட்டனை அழுத்தியபடியே அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏளா, காப்பி என்னாச்சு?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். விரலை எடுத்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நமக்கும் ஒண்ணு சொல்லும்வே."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாராம். இந்தியும் மராத்தியுமாகக் கேட்டுப் பழகிய சேனலில் திடீரென்று திருநெல்வேலி.

அட்மிரல் கப்பலில் ஏறியவர் இல்லை. கேப்டன் என்ற பெயரை வேறொருவர் எடுத்துவிட்டதால் அதற்கு மேலே ஒன்றை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவரிடம் ஒரே ஒரு கோளாறு: பட்டனை விட மாட்டார். ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். அப்பா மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஷேவ் செய்துகொள்வார், துளசிக்கும் கற்றாழைக்கும் தண்ணீர் ஊற்றுவார். எப்போதாவது அட்மிரல் மூச்சு வாங்கும்போது, "கேக்குதாவே?" என்று ஒரு நொடி விரலை எடுப்பார். அப்பா சோப்பு நுரையோடு ஓடிவந்து பட்டனை இரண்டு முறை தட்டுவார். வாயைத் திறக்க வேண்டாம். எதிர்முனையில் டக் டக் என்று விழும். கேட்கிறது, மேலே சொல்லும் என்று பொருள். அட்மிரல் மேலே சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வந்ததும் இது நடக்கும். தேஷ்பாண்டேயைப் பற்றிய செய்திகள் தவிர, இந்த நட்பில் அப்பாவின் பங்கு பெரும்பாலும் அந்த ரெண்டு தட்டுதான்.

அட்மிரலின் மூட்டு ஆபரேஷன் அப்பாவுக்குத் தெரியும். அவர் மகள் கல்யாணத்தில் எந்தப் பதார்த்தத்தில் உப்பு கூடியது என்று தெரியும். நான் எத்தனை முறை ஓட்டுநர் உரிமத் தேர்வில் தோற்றேன் என்பது அட்மிரலுக்குத் தெரியும். பெயர் மட்டும் இருவருக்கும் தெரியாது. அம்மா கேட்டால், அது சேனல் மரியாதை என்பார் அப்பா. நேரிலாவது பார்த்திருக்கலாமே என்றால் அதற்கும் ஒரு கதை இருந்தது. ஒருமுறை சேனல்காரர்கள் எல்லாரும் சம்பாஜி பார்க்கில் கூடினார்கள். அட்மிரல் வரவில்லை. அப்பா போனார். சிங்கம் மாதிரி குரல் வைத்திருந்த கேப்டன் நேரில் அப்பாவின் தோள் உயரம்கூட இல்லை. டாக்டர் என்று நினைத்தவர் மாட்டு டாக்டர். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ரேடியோல நல்லா இருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு யாரையும் பார்க்க முயலவில்லை.

பிறகு மொபைல் வந்தது. முதலில் குவாரி முதலாளி போனார். அவருக்கு லாரி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும், யாரோடும் பேசவேண்டும் என்றில்லை. கல்லூரிப் பையன்கள் அமெரிக்கா போனார்கள். மெக்கானிக்குகள் செட்டை எடைக்குப் போட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் பழைய சேனல்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அப்பாவையும் சேர்த்தார்கள். தினமும் காலையில் ரோஜாப்பூ வந்தது. ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டார். ஒருவன் முடிக்குமுன் இன்னொருவன் பேசுகிறான், யாரும் ஓவர் சொல்வதில்லை, இது என்ன ஒழுங்கு என்று எங்களிடம் குறைப்பட்டார். அட்மிரல் அந்தக் குழுவில் இல்லை. அவர் பதினான்காம் சேனலில்தான் இருந்தார். கடைசியில் அங்கே அவரும் அப்பாவும் மட்டும்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் செட்டின் பேச்சு போயிற்று. கேட்கும், பேசாது. நான் கராடியில் சிப் வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். நான் பார்க்கட்டுமா என்றேன். அப்பா பெட்டிமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"நீ சிப்பு படிச்சவ. இதுல காயிலுல்லா இருக்கு."

தானே சரிசெய்தார். அதாவது, ஃப்யூஸ் இருந்த இடத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டையின் தகட்டை மடித்துச் செருகினார். பேச்சு திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்மிரல் கூப்பிடுவார். அப்பா மைக்கைத் தொடாமல், பெட்டியைப் பார்த்து வாயாலேயே பதில் சொல்வார். அங்கே கேட்காதே என்று அம்மா சொன்னாள். "அவன் கேள்வி கேக்கான். மரியாதைக்காவது பதில் சொல்லாண்டாமா?" என்றார்.

ஆகஸ்டில் அப்பா இறந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் பக்கத்திலிருக்கும் நிக்டியைக்கூடத் தாண்டவில்லை.

உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு வந்த ஞாயிறு நானும் அம்மாவும் ஆராதனை முடிந்து வந்தோம். செட்டின் சுவிட்சைப் போட்டேன். அந்த நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும், அதனால் போட்டேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவர் வந்தார்.

"மிசலு, மிசலு, மிசலு. அட்மிரல் கூப்பிடுதேன். இருக்கீரா?"

பட்டனை விட்டுக் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்து நான் கேட்டதே இல்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி காத்திருந்தார். பிறகு, மழையில் ஒயர் போயிருக்கும், நீர் கேட்டுக்கொண்டாவது இரும் என்று சொல்லி, அந்த வாரச் செய்திகளை ஒன்றுவிடாமல் காலியான சேனலில் வாசித்தார். மனைவிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. எதிர் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, தனக்கு அதில் சந்தோஷம். அம்மா அடுப்படி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"அவருட்ட சொல்லணும், ஜான்சி. தெரியாம காத்துக் கெடக்காருல்லா."

மைக்கை எடுத்து அழுத்தினேன். அலை போவதையும் வருவதையும் காட்டும் முள் அசையவில்லை.

அப்பா இறந்ததைச் சொல்லி, அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்த ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். அட்மிரலின் போன் நம்பர் யாருக்காவது தெரியுமா? அவர் அதைக் குழுவில் போட்டார். அட்மிரல் கேம்ப் பகுதியில் இருப்பதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஹடப்ஸர் என்றார். மூன்று பேர் அட்மிரல் எப்போதோ இறந்துவிட்டதாக உறுதியாகச் சொல்லி, கைகூப்பும் படம் போட்டு, ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். அப்பாவுக்கு இரங்கல் சொல்ல மறந்துவிட்டார்கள். ஆக, சொல்வதற்கு ஒரே வழிதான் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே அப்பாவின் சால்டரிங் மிக நன்றாக இருந்தது. தவறான இடத்தில், ஆனால் மிக நன்றாக. மாத்திரைத் தகட்டை எடுத்துவிட்டு முறையான ஃப்யூஸ் போட்டேன். அலையை வெளியே தள்ளும் கடைசி டிரான்சிஸ்டர் பொசுங்கியிருந்தது. காரணம் உள்ளே இல்லை, மொட்டைமாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கேபிளின் இணைப்பு ஒன்றை அப்பா சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தார். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. போன தண்ணீர் வெளியே வராமலும் அது பார்த்துக்கொண்டது. உள்ளே எல்லாம் பச்சைக் களிம்பு. அலை ஆன்டெனாவுக்குப் போக வழியில்லாமல் திரும்பி வந்து டிரான்சிஸ்டரை எரித்திருக்கிறது.

புத்வார் பேட்டில் கடை கடையாக அலைந்தேன். ஒரு கடைக்காரர் நான் நீட்டிய டிரான்சிஸ்டரின் எண்ணைப் படித்துவிட்டு, இதை எங்கே தோண்டி எடுத்தீர்கள் என்று மராத்தியில் கேட்டார். சிரித்துவிட்டு உள்ளே போனார். அவரிடம் இருந்தது. அதை மாற்றினேன். வறண்டுபோன கெபாசிட்டர்களை மாற்றினேன். புதுக் கேபிள் இழுத்தேன். ஆன்டெனா இல்லாமல் ஒரு ரெசிஸ்டரைக் கட்டிச் சோதித்தேன், முள் ஏறியது. என்ன சொல்ல வேண்டும் என்று அலுவலகப் பேருந்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்று வாக்கியம். அதற்கு மேல் தேவையில்லை.

ஞாயிறு. அவர் வரும் நேரத்துக்குச் சற்று முன்பே உட்கார்ந்தேன். ஆன்டெனாவை இப்போதுதான் முதல்முறை இணைக்கிறேன். அலை ஒழுங்காகப் போகிறதா, திரும்பி வருகிறதா என்று பார்க்க, பேசாமல் பட்டனை ஒரு முறை அழுத்தி விட்டேன். முள் சரியாக நின்றது. நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினேன்.

அவ்வளவுதான்.

"வந்துட்டீராவே," என்றது பெட்டி. "எனக்குத் தெரியும். இந்தத் தட்டு எனக்குத் தெரியாதா. செத்துக்கித்துப் போயிட்டீரோன்னுகூட நெனச்சேன்வே. எம்புட்டு நாளு. ஒரு மனுசன் இப்படியா கெடப்பான்?"

நான் பட்டனை அழுத்தி, "ஐயா, நான் அவரு மக" என்று தொடங்கினேன். அவர் விரலை எடுக்கவில்லை. நான் பேசியது எங்கும் போகவில்லை. அவர் திட்டிக்கொண்டே போனார். திட்டு முடிந்து மருமகன் கதை வந்தது. மருமகன் கதை முடிந்து சர்க்கரை. குரலில் அவ்வளவு சந்தோஷம். அம்மா வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதாவே?" விரலை எடுத்தார்.

அழுத்தினேன். "ஐயா, கொஞ்சம் கேளுங்க—"

அவருக்கு டக் என்பது போதும். அதற்குள் அவர் மறுபடி தொடங்கிவிட்டார். கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக. இன்னொரு முறை இடைவெளி வந்தது. இன்னொரு முறை பாய்ந்தேன். அதுவும் தட்டாகவே போய்ச் சேர்ந்தது. அப்பா இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா இருக்கிறார் என்பதுதான் அங்கே போகிறது. இது வடிவமைப்பிலேயே உள்ள குறை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய இணைப்பில் அவசரக்காரனுக்கு வழியே கிடையாது.

அடுத்த முறை அவர் "கேக்குதாவே?" என்றபோது மைக்கை மேசைமேல் வைத்துவிட்டேன்.

இரைச்சல்.

"மிசலு?"

நான் தொடவில்லை. அம்மா என் தோளை அழுத்தினாள். பொறு என்று கையைக் காட்டினேன்.

"மிசலு, ரெண்டு தட்டு தட்டும்வே."

காத்திருந்தார். இந்த முறை நிஜமாகவே விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நான் மைக்கை எடுத்தேன். ஆகுர்டியிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டனை விட்டேன்.

"யாரும்மா அது?" என்றார். குரல் சட்டென்று தணிந்திருந்தது. "பிள்ளா, தப்பா நெனைக்காத. என் கூட்டாளி ரொம்ப நாளைக்கப்புறம் லைன்ல வந்திருக்கான். கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதியா?"

மூன்று வாக்கியமும் மறந்துபோயிற்று.

"நான் மிசலோட மக," என்றேன். "இவ்வளவு நேரம் தட்டினது நான்தான். ரேடியோவ ரிப்பேர் பண்ணிச் சரிபாத்துக்கிட்டிருந்தேன். அப்பா ஆகஸ்டுல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு, பதில் சொல்ல முடியல. அதான் சரிபண்ணேன்."

விரலை எடுத்தேன்.

முள் ஏறி நின்றது. அவர் பட்டனை அழுத்திவிட்டார். ஆனால் பேச்சு வரவில்லை. ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது, அதில் ஏதோ உரசும் சத்தம். தெருவில் ஒரு ஆட்டோ. எங்கோ குக்கர் விசில். அவர் வீடு முழுவதும் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது, அவர் மட்டும் வரவில்லை. சொல்ல வேண்டியது எனக்கு இன்னும் இருந்தது. கடைசிவரை நீங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பதில்கூடச் சொன்னார் என்று. அவர் விரலை எடுத்தால்தானே.

தூரத்தில் ஒரு பெண் குரல், என்னவாயிற்று, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டது.

"மிசலு மவுத்தாயிட்டாரு," என்றார்.

அந்தப் பெண் குரல் இப்போது பக்கத்தில் வந்தது. துஆ ஓதுவதற்குப் பெயர் வேண்டும்போலிருக்கிறது. "அவுக பேரு என்ன?"

"தெரியாது." ஒரு மூச்சு. "கேட்டதில்ல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முள் அசையாமல் நின்றது. குக்கர் இன்னொரு விசில் விட்டது. யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள்.

கடைசியில் முள் கீழே விழுந்தது. அழுத்தினேன்.

"அப்பா பேரு ஜெபமணி," என்றேன். பிறகு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னதையும் சொன்னேன்.

"என்ன பதில் சொன்னாரு?" என்று கேட்டார்.

லிஃப்ட் விஷயத்தில் நீர் சந்தோஷப்படக் கூடாது என்று சொல்லியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அந்தச் செய்தியைக் கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். "பெரும்பாலும் உங்களத் திட்டினாங்க. பட்டன விட மாட்டேங்கீங்கன்னு."

சிரித்தார் என்று நினைக்கிறேன். சத்தம் அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு, எங்கே அடக்கம் என்று கேட்டார். நிக்டி தாண்டிக் கல்லறைத் தோட்டம் என்றேன். நகரின் மறுகோடியில் இருக்கும் கோந்த்வாவிலிருந்து வருவதாகச் சொன்னார். கால் முட்டி ஒத்துழைக்குமா என்று கேட்டேன். முட்டியைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஸ்வார்கேட் வந்து நிக்டி பஸ் பிடிக்க வேண்டும், கேட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம், சுவரை ஒட்டிய வரிசை, இன்னும் கல் வைக்கவில்லை, மண்தான், மரச் சிலுவையில் பெயர் இருக்கும், நாங்களும் வந்து நிற்கிறோம் என்றேன்.

சேனல் வழக்கப்படி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். இடது பக்கம் என்றார்.

"வலது," என்றேன்.

"வலது. சுவரோரம். ஜெபமணி." பேனா தேடும் சத்தம் கேட்டது. ஒரு டிராயர் திறந்தது, இன்னொன்று திறந்தது. "ஜெபமணி," என்று மறுபடி, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். பட்டனை விடாமலே எழுதினார்.